வானத்தை வரைந்து தந்தவர்: அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாகக் கடந்து மேலே போனால் போடிமெட்டு வரும். கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் தமிழகமும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் இடம் அது. பகலில் ஏலக்காய் மூட்டைகளும் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகளுமாகப் பரபரப்பாக இருக்கும். இரவில் கடைகள் அடைத்த பிறகு அங்கே இருட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த இருட்டுதான் நமக்கு ஒரு பாடம் நடத்தியது.

சென்ற தை மாதத்தில், மத்ரஸா மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு அங்குள்ள ஓர் ஏலத்தோட்டத்தில் ஓர் இரவு தங்கினோம். மழைக்காலம் முடிந்து மேகம் விலகியிருந்த நேரம். இஷா தொழுதுவிட்டு வெளியே வந்தால் வானம் முழுக்க விண்மீன்கள். கீழே கிழக்குப் பக்கம் போடியின் விளக்குகள் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. மேலே இருந்தவற்றை எண்ண முடியவில்லை. மாணவர்களில் சிறியவன் ஒருவன் தலைக்கு மேலே கைகாட்டி, ஹஜ்ரத், ஸுரய்யா என்று கிதாபில் வருகிறதே, அது எது என்று கேட்டான். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் பொருள் இருந்தது. அது வரும் இடங்களும் தெரியும். ஓதும் காலத்தில் வானவியல் பாடக் கிதாபும் ஓதியிருக்கிறோம். ஆனால் விரல் நீட்டிக் காட்டத் தெரியவில்லை.

தோட்டத்துக் காவலர் ஒருவர் அருகில் நின்றிருந்தார். பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாதவர். அவர் அமைதியாகக் கையை உயர்த்தி, அதோ அந்தச் சிறு கொத்துதான் கார்த்திகை என்றார். இரவுக் காவலில் நேரம் பார்க்க அவருக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லையாம். எந்த வெள்ளி எந்த மேட்டுக்கு மேல் வந்தால் இரவு எவ்வளவு கழிந்தது என்று தெரியுமாம். அரபியர் ஸுரய்யா என்பதும் நம்மவர் கார்த்திகை என்பதும் ஒரே விண்மீன் கூட்டம்தான் என்பதை அந்த இரவில்தான் நம் கண் அறிந்தது.

வெட்கமாக இருந்தது. அப்போது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அறிஞரின் நினைவு வந்தது. ஏட்டில் மட்டும் விண்மீன்களை அறிந்து, வானத்தில் அவற்றை அறியாதவர்களைப் பற்றித் தம் நூலின் முன்னுரையில் வருத்தத்தோடு எழுதியவர் அவர். அவருடைய வருத்தம் நம்மைப் பற்றியது போலவே இருந்தது. அவர்தான் அபுல் ஹுஸைன் அப்துர் ரஹ்மான் இப்னு உமர் அஸ்ஸூஃபி.

ரய் நகரத்துப் பிள்ளை

ஹிஜ்ரி 291ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தில், அதாவது கி.பி. 903 டிசம்பர் 7ஆம் நாள், ரய் நகரில் அஸ்ஸூஃபி பிறந்தார். இன்றைய ஈரானின் தலைநகர் தெஹ்ரானை ஒட்டிய பழம்பெரும் நகரம் அது. மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீயின் ஊரும் அதுதான். பாக்தாதில் அப்பாஸிய கலீஃபாக்கள் பெயரளவில் ஆட்சியில் இருந்தார்கள். அதிகாரமோ மெல்ல மெல்லப் புவைஹி அமீர்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அரசியல் சிதறிக்கிடந்த அந்தக் காலத்தில் அறிவு மட்டும் சிதறவில்லை. ஒவ்வோர் அமீரும் தம் அவையில் நல்ல ஆலிம்களும் கவிஞர்களும் மருத்துவர்களும் கணக்கறிஞர்களும் இருக்க வேண்டும் என்று போட்டியிட்டார்கள்.

அக்காலத்தில் விண்மீன் அறிவு இரு வேறு ஆறுகளாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று கிரேக்க வழி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பத்லமூஸ், தாலமி என்று நாம் படிக்கும் அதே அறிஞர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை 48 உருவங்களாகப் பிரித்துப் பட்டியலிட்டிருந்தார். வடவானில் 21, ராசி மண்டலத்தில் 12, தென்வானில் 15. அவருடைய நூல் அல்மஜஸ்தீ என்ற பெயரில் அரபியில் வந்துவிட்டது.

மற்றொன்று அரபுப் பாலைவனத்தின் வழி. மழை எப்போது வரும், ஒட்டகத்தை எப்போது எங்கே ஓட்ட வேண்டும், இரவில் எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பதையெல்லாம் விண்மீன்களைப் பார்த்து அறிந்த பதவிகளின் அறிவு அது. நிலவு தங்கும் 28 மன்ஸில்களை அவர்கள் வகுத்திருந்தார்கள். நம் ஊரில் 27 நட்சத்திரம் என்று எண்ணுவதற்கு நெருங்கிய முறை.

இரண்டு வழிகளும் ஒரே வானத்தைப் பற்றித்தான் பேசின. ஆனால் ஒன்றில் சொல்லப்படும் விண்மீன் மற்றொன்றில் எது என்று துல்லியமாகச் சொல்ல ஆளில்லை. கிரேக்கப் பட்டியல் படித்தவருக்குப் பாலைவனப் பெயர் தெரியாது. பாலைவனப் பெயர் தெரிந்தவருக்குப் பட்டியல் தெரியாது. இரண்டையும் ஏட்டில் மட்டும் படித்தவருக்கு வானம் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் அஸ்ஸூஃபியின் வாழ்நாள் வேலையாக அமைந்தது.

பயணங்களும் ஏமாற்றங்களும்

ஹிஜ்ரி 335இல், நாற்பதைத் தாண்டிய வயதில், அவர் தீனவர் நகருக்குப் போனார். புகழ்பெற்ற வஸீர் இப்னுல் அமீத் அந்தப் பயணத்தில் உடன் இருந்தார். தாவரவியலிலும் மொழியிலும் பேர் பெற்ற அபூ ஹனீஃபா அத்தீனவரீ, சுமார் அரை நூற்றாண்டுக்கு முன் அங்கே வாழ்ந்து வானத்தைக் கவனித்தவர். (நம் மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபா அல்ல; இவர் வேறொருவர்.) பாலைவன அரபியரின் விண்மீன் அறிவைத் திரட்டிய அவருடைய நூலை அஸ்ஸூஃபி மிகவும் மதித்தார். ஆனால் நூலைக் கூர்ந்து படித்தபோது, அதில் உள்ளவை பெரும்பாலும் பழைய கவிதைகளிலிருந்தும் செவிவழிச் செய்திகளிலிருந்தும் வந்தவை, விண்மீன்களை நேரில் அடையாளம் கண்டு எழுதியவை அல்ல என்ற முடிவுக்கு வந்தார். மதிப்பைக் குறைக்காமலேயே அந்தக் குறையைப் பதிவு செய்தார்.

இரண்டாண்டுகள் கழித்து இஸ்ஃபஹானில் இருந்தார். வானியலாளர் என்று பெயர் வாங்கியவர்களின் நூல்களையும், அவர்கள் செய்த வான உருண்டைகளையும் பார்த்தார். வான உருண்டை என்பது பூமி உருண்டையைப் போன்றதுதான். அதன் மேல் நாடுகளுக்குப் பதிலாக விண்மீன்கள் குறிக்கப்பட்டிருக்கும். அழகான வேலைப்பாடு கொண்ட உருண்டைகளில் விண்மீன்கள் தவறான இடத்தில் இருந்தன. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் அப்படியே நகலெடுத்திருந்தார். எவரும் உருண்டையை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெயர் பெற்ற முன்னோர்களின் பட்டியல்களிலும் இந்தக் குறையை அவர் கண்டார்.

தக்லீத், தஹ்கீக் என்ற இரு சொற்களையும் மத்ரஸாவில் நாம் அடிக்கடி கேட்கிறோம். முன்னோரைப் பின்பற்றுவது ஒன்று. ஆய்ந்து உறுதிப்படுத்துவது மற்றொன்று. மார்க்கச் சட்டத்தில் இரண்டுக்கும் உரிய இடம் உண்டு. ஆனால் கண்ணால் காணக்கூடிய ஒரு பொருளைப் பற்றி, காணாமலேயே முன்னவர் சொன்னதை எழுதிவிட்டுப் போவதை அஸ்ஸூஃபியால் ஏற்க முடியவில்லை.

அமீரும் ஆசானும்

பாரஸீக மாகாணத்தின் தலைநகரான ஷீராஸில் அப்போது ஆட்சி செய்தவர் அமீர் அளுதுத் தவ்லா. பதின்மூன்று வயதில் அரியணை ஏறியவர். பிற்காலத்தில் பாக்தாத் வரை ஆட்சியை விரித்து, அங்கே தம் பெயரால் பெரிய மருத்துவமனை கட்டியவர். ஷீராஸ் அருகே அவர் கட்டிய அணை இன்றும் அமீரின் அணை என்ற பெயரோடு நிற்கிறது.

இந்த அமீருக்கு மூன்று ஆசான்களைப் பற்றிப் பெருமை இருந்தது என்று வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார். நஹ்வு இலக்கணத்தில் அபூ அலீ அல்ஃபாரிஸீ. வானக் கணக்கு அட்டவணைகளில் ஷரீஃப் இப்னுல் அஃலம். விண்மீன்களின் இடங்களிலும் அசைவுகளிலும் அஸ்ஸூஃபி. நாடாளும் ஒருவர் தம் படைகளைச் சொல்லிப் பெருமைப்படாமல், தமக்குப் பாடம் சொன்னவர்களைச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவர் அஸ்ஸூஃபியைவிட முப்பதுக்கும் மேற்பட்ட வயது இளையவர்.

அமீருக்காக அஸ்ஸூஃபி வெள்ளியால் ஒரு வான உருண்டை செய்தார். அதன் எடை 3,000 திர்ஹம் என்று குறிப்பு உள்ளது. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது கெய்ரோவில் ஃபாத்திமிய நூலகத்தில் இருந்தது. அதை நேரில் பார்த்தவரின் சாட்சியம் பதிவாகியிருக்கிறது. அறுபதைத் தாண்டிய வயதிலும் அவர் ஓயவில்லை. கி.பி. 969, 970 ஆண்டுகளில் ஷீராஸில் அமீரின் ஆணையால் அமைக்கப்பட்ட பெரிய வளையக் கருவியைக் கொண்டு, கோடையிலும் குளிரிலும் சூரியன் எட்டும் எல்லைகளை அளந்தார். நேரம், திசை, உயரம் எல்லாம் காண உதவும் அஸ்தர்லாபைப் பற்றியும் விரிவான நூல் எழுதினார்.

நாற்பத்தெட்டு உருவங்கள், இருமுறை

அவருக்கு நிலையான பெயரைத் தந்த நூல் கி.பி. 964 வாக்கில் நிறைவடைந்தது. அதன் பெயர் ஸுவருல் கவாகிபிஸ் ஸாபிதா. நிலையான விண்மீன்களின் உருவங்கள் என்று தமிழில் சொல்லலாம். அப்போது அவருக்கு வயது அறுபது. இளமையின் வேகத்தில் எழுதிய நூல் அல்ல இது; ஒரு வாழ்நாள் முழுக்கப் பார்த்த பிறகு எழுதியது.

நூலின் அமைப்பு எளிமையானது. ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வார். அதில் உள்ள ஒவ்வொரு விண்மீனும் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஒளி, என்ன நிறம், பத்லமூஸ் சொன்னது சரியா என்று எழுதுவார். அடுத்து, பாலைவன அரபியர் அந்த விண்மீன்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பொருத்திக் காட்டுவார். அதன்பின் படம் வரும். இறுதியில் அட்டவணை.

படம் ஒன்றல்ல, இரண்டு. இதில்தான் அவருடைய அக்கறை தெரிகிறது. வான உருண்டையை நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம். வானத்தையோ அதன் உள்ளிருந்து பார்க்கிறோம். ஆகவே உருண்டையில் வலப்பக்கம் இருப்பது வானத்தில் இடப்பக்கம் தெரியும். கண்ணாடியில் முகம் பார்ப்பது போல. உருண்டையை மட்டும் பார்த்துப் பழகியவர் வானத்தைப் பார்த்தால் குழம்பிப் போவார். ஆகவே ஒவ்வோர் உருவத்தையும் உருண்டையில் தெரிவது போல ஒருமுறையும், வானத்தில் தெரிவது போல ஒருமுறையும் வரைந்தார். உருண்டையின் மீது மெல்லிய தாளை வைத்து உருவங்களைப் படியெடுக்கும் முறையை அவர் கையாண்டதாக அல்பீரூனி குறிப்பிடுகிறார். கற்கும் மாணவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்று முன்கூட்டியே அறிந்து, அங்கே போய் நின்று கைபிடிப்பவரே ஆசிரியர்.

படங்களைப் பற்றி நம் வாசகர்களில் சிலருக்கு ஒரு தயக்கம் எழலாம். மனித, விலங்கு உருவங்கள் வரைவது பற்றி மார்க்க அறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். இந்தப் படங்களில் முதன்மையானவை விண்மீன் புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் எண் உண்டு. அந்த எண் அட்டவணையில் உண்டு. உருவம் என்பது புள்ளிகளை நினைவில் நிறுத்த உதவும் கோடு. கிரேக்கக் கதைகளில் அந்த உருவங்கள் தெய்வங்களாகவும் வீரர்களாகவும் இருந்தன. அஸ்ஸூஃபியின் நூலில் அவை வழி காட்டும் வரைபடமாக மாறின. கிரேக்கர் ஜவ்ஸா என்னும் வேடனின் கையில் ஒரு விலங்கின் தோலைக் கொடுத்திருந்தார்கள். இந்நூலின் மரபில் அது நீண்ட சட்டைக் கையாக மாறியது. கிரேக்கக் கதையில் ஒரு வீரன் வெட்டியெடுத்த அரக்கியின் தலை, இங்கே கூல் என்னும் பேயின் தலை ஆனது. பாறையில் கட்டுண்டு தவித்த அரசகுமாரி, பாறை இல்லாமல் நல்ல ஆடை உடுத்திய பெண்ணாக நின்றாள்.

ஒரே விண்மீன்களை ஒவ்வொரு சமூகமும் எப்படிப் பார்த்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். வடவானில் ஏழு விண்மீன்கள். கிரேக்கர் அதைக் கரடியின் பகுதியாகக் கண்டார்கள். நம் ஊரில் ஏழு முனிவர்கள் என்றார்கள். சங்கத் தமிழில் அதற்கு எழுமீன் என்று பெயர். அரபியரோ நான்கு விண்மீன்களை ஒரு ஜனாஸாப் பெட்டியாகவும், பின்னால் வரும் மூன்றை அதைப் பின்தொடரும் மகள்களாகவும் கண்டு, பனாத்துன் நஃஷ் என்றார்கள். போடிமெட்டில் நள்ளிரவு நெருங்கும்போது வடகிழக்கு மேட்டுக்கு மேல் அவை எழத் தொடங்கின. தந்தையின் ஜனாஸாவுக்குப் பின்னால் நடக்கும் பெண் பிள்ளைகள் என்று சொன்னபோது மாணவர்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். விண்மீன்கள் படைத்தவனுடையவை. கோடுகள் மட்டுமே நம்முடையவை.

ஒரு சிறு மேகம்

நூலில் ஒரு சிறிய குறிப்பு உலகப் புகழ் பெற்றுவிட்டது. அந்த அரசகுமாரி உருவத்தின் அருகே, அரபியர் மீன் என்று கண்ட விண்மீன் வரிசையின் வாய்ப் பக்கத்தில், மேகத் திட்டுப் போல மங்கிய ஒன்று இருப்பதை அஸ்ஸூஃபி எழுதி வைத்தார். படத்திலும் அது குறிக்கப்பட்டது. தொலைநோக்கி கண்டுபிடிக்க இன்னும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. இன்று நாம் ஆண்ட்ரோமெடா என்று அழைக்கும் அண்டத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துக் குறிப்பு அதுதான்.

அது நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி அண்டம் என்பது 1920களில்தான் உறுதியானது. சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அஸ்ஸூஃபிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததாக அவர் சொல்லவும் இல்லை. மங்கலாகத் தெரிந்ததை மங்கலாகத் தெரிகிறது என்று எழுதினார். அவ்வளவுதான். அந்த நேர்மை ஆயிரம் ஆண்டு நிலைத்தது. தை மாத இரவில், இருட்டான இடத்தில் நின்று வடமேற்கே பார்த்தால் அந்தத் திட்டு இன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரியும்.

விண்மீன்களின் ஒளியை முதல் தரம் முதல் ஆறாம் தரம் வரை பிரிப்பது பழைய முறை. அவர் ஒவ்வொன்றையும் தாமே பார்த்துத் தரம் போட்டார். பத்லமூஸிடமிருந்து பல இடங்களில் மாறுபட்டார். இடைப்பட்ட தரங்களையும் குறித்தார். பிற்கால வானியலாளர்கள் விண்மீன்களின் ஒளி காலப்போக்கில் மாறுகிறதா என்று ஆராய்ந்தபோது அவருடைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள்.

அவர் செய்யாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். விண்மீன்களின் இடங்களை அவர் புதிதாக அளக்கவில்லை. பத்லமூஸின் அளவுகளை எடுத்து, இடைப்பட்ட காலத்தில் வானம் நகர்ந்த கணக்காக 12 பாகை 42 கலையைக் கூட்டினார். 66 ஆண்டுக்கு ஒரு பாகை என்பது அவர் கொண்ட கணக்கு. பத்லமூஸ் 100 ஆண்டுக்கு ஒரு பாகை என்றிருந்தார். இன்றைய கணக்கு சுமார் 72 ஆண்டு. அவர் உண்மையை வெகுவாக நெருங்கினார். ஆனால் இட அளவுகளில் பழைய பிழைகள் அப்படியே தங்கிவிட்டன. பெரியவர்களின் குறையைச் சொல்வது அவர்களைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. அவரே நமக்குக் காட்டிய வழி அது.

ஸுஹைல் என்னும் தென்விண்மீன்

போடிமெட்டில் அன்றிரவு தெற்கே ஒரு விண்மீன் தனித்துப் பளிச்சிட்டது. வானில் இரண்டாவது பிரகாசமான விண்மீன். நம் நாட்டில் அகத்தியர் பெயரால் அழைக்கிறார்கள். அரபியர் ஸுஹைல் என்றார்கள். பிள்ளைகளுக்கும் அப்பெயரை ஆசையோடு வைத்தார்கள். ஷீராஸில் இருந்த அஸ்ஸூஃபிக்கு அது தென்னடிவானிலிருந்து சுமார் எட்டுப் பாகை உயரம்தான் எழும். நீட்டிய கையில் ஒரு முஷ்டி அளவுகூட இல்லை. சற்றே புழுதி எழுந்தாலும் மறைந்துவிடும். நமக்கோ அது 27 பாகை உயரம் வரை ஏறி வருகிறது. அவர் அரிதாகக் கண்டது நமக்கு எளிதாகக் கிடைத்திருக்கிறது. ஸுஹைல் என்று பெயர் கொண்ட எத்தனை பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள்! அவர்களில் எத்தனை பேர் தம் பெயருக்குரிய விண்மீனைப் பார்த்திருப்பார்கள்?

நூல் நடந்த தூரம்

கி.பி. 983இல் அளுதுத் தவ்லா பாக்தாதில் இறந்தார். மூன்றாண்டு கழித்து, ஹிஜ்ரி 376 முஹர்ரம் மாதத்தில், கி.பி. 986 மே 25ஆம் நாள் அஸ்ஸூஃபி மறைந்தார். ஹிஜ்ரிக் கணக்கில் 85 வயது. அவருடைய மகனும் விண்மீன் உருவங்களைப் பற்றி அரபியில் ஒரு நெடும்பாட்டு இயற்றினார். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள மிகப் பழைய பிரதிகளில் ஒன்று அந்த மகனின் கையெழுத்து என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதன் காலம் பற்றி அண்மைக் காலத்தில் ஆய்வாளர்களிடையே மாற்றுக் கருத்தும் உண்டு.

நஸீருத்தீன் அத்தூஸீ பதின்மூன்றாம் நூற்றாண்டில் நூலைப் பாரஸீகத்தில் பெயர்த்தார். ஸமர்கந்தின் அரசரும் வானியலாளருமான உலுக் பேக் அழகான பிரதி ஒன்றை வைத்திருந்தார். அது இன்று பாரீஸில் இருக்கிறது. அவர் தம் பட்டியலுக்காகப் பெரும்பாலான விண்மீன்களைத் தாமே அளந்தார். ஸமர்கந்திலிருந்து தெரியாத 27 தென்வான விண்மீன்களுக்கு மட்டும் அஸ்ஸூஃபியை நம்பினார். ஸ்பெயினில் கிறித்தவ அரசர் பத்தாம் அல்ஃபோன்ஸோவின் அவையில் அந்நூல் காஸ்திலிய மொழிக்குப் போனது. 1515இல் ஜெர்மானிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் வானப் படம் அச்சிட்டபோது, நான்கு மூலைகளில் நான்கு ஆசான்களை வரைந்தார். அவர்களில் ஒருவர் அரபியரான அஸோஃபி. ஐரோப்பியர் நாவில் அஸ்ஸூஃபி அப்படி ஆனார். நிலவில் ஒரு பள்ளத்துக்கும் அந்தப் பெயர்தான்.

அவர் அடையாளப்படுத்திய அரபுப் பெயர்கள் உலகம் முழுக்கப் பரவின. அத்தபரான் அல்டெபரான் ஆனது. நம் ரோகிணி அதுதான். அந்நஸ்ருத் தாயிர் அல்டேர் ஆனது. ஃபமுல் ஹூத் ஃபோமல்ஹாட் ஆனது. திருவாதிரை விண்மீனுக்கு அரபியர் வைத்த பெயர் யதுல் ஜவ்ஸா. யா எழுத்தின் கீழ் இரண்டு புள்ளி இருக்க வேண்டும். ஐரோப்பாவில் யாரோ அதை ஒரு புள்ளியுள்ள பாவாகப் படித்துவிட்டார்கள். இன்றும் உலகம் அதைப் பெடல்ஜூஸ் என்றே அழைக்கிறது. ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகும் என்பதை மக்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. முகலாயர் காலத்து லாகூரில் அல்லாஹ்தாத் என்ற கருவி வல்லுநரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அஸ்தர்லாபும் வான உருண்டையும் செய்தது. ஒட்டே இல்லாமல் ஒரே வார்ப்பில் உள்ளீடற்ற பித்தளை உருண்டை வார்க்கும் கலை அங்கே உச்சம் கண்டது. அவற்றின் மேல் செதுக்கப்பட்டவை அஸ்ஸூஃபியின் மரபில் வந்த அதே 48 உருவங்கள். 1954இல் அஸ்ஸூஃபியின் அரபு மூலத்தை அச்சிட்டு உலகுக்குத் தந்ததும் நம் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம்தான்.

நமக்கு எஞ்சியிருப்பது

விண்மீன்களைப் பார்த்து எதிர்காலம் சொல்வதை இஸ்லாம் தடுத்திருக்கிறது. அந்தத் தடையை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் ஜோதிடத்தைத் தள்ளுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வானத்தையே தள்ளிவிட்டோம். குர்ஆனில் புரூஜ் என்று ஒரு சூரா, தாரிக் என்று ஒரு சூரா, நஜ்ம் என்று ஒரு சூரா. ஷிஃரா விண்மீனின் பெயர் வெளிப்படையாகவே வருகிறது. தரையிலும் கடலிலும் விண்மீன்கள் வழி காட்டுகின்றன என்பதும் வருகிறது. நம் கடற்கரை மரைக்காயர்கள் அந்த வழியில்தான் கப்பல் ஓட்டினார்கள். அஸ்ஸூஃபியின் இந்நூல் பலன் சொல்லும் நூல் அல்ல. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் நூல்.

மலையிலிருந்து இறங்கிய பிறகு நாம் ஒரு முடிவு செய்தோம். வானவியல் பாடத்தின் முதல் வகுப்பை இனி மாடியில், இஷாவுக்குப் பிறகு நடத்துவது என்று. கிதாப் பிறகு திறக்கப்படும். ஊர் விளக்குகளுக்கு இடையிலும் ஸுரய்யா தெரிகிறது, ஜவ்ஸாவின் இடையில் மூன்று விண்மீன்கள் தெரிகின்றன, ஸுஹைல் தெரிகிறது. நம் வீடுகளிலும் இதைச் செய்யலாம். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் தோளில் கைபோட்டு ஒரே ஒரு விண்மீனைக் காட்டினால் போதும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்போம். அவர் தோட்டக் காவலராக இருந்தாலும் சரி. அன்றிரவு நமக்கு ஸுரய்யாவைக் காட்டிய அந்தக் கையை நாம் மறக்கவில்லை. அதுவும் ஓர் உஸ்தாதின் கைதான்.

கண்ணால் கண்டு, கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, பின்வருபவர் வழி தவறாதபடி இருமுறை வரைந்தும் காட்டிய அந்த அறிஞருக்கு அல்லாஹ் அருள் புரிவானாக. அவர் பார்த்த வானத்தை நம் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்க்கும் நற்பேற்றைத் தருவானாக. ஆமீன்.